ஒரே ஒரு தரவுத் தாள்: பொருளியல் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தின் எம்.ஏ. வளர்ச்சிப் பொருளியல் வினாத்தாளைப் பார்த்தோம். வளர்ச்சிக் கோட்பாடுகளைப் பற்றிய வினாக்கள் இவை: ஹாரட்–டோமர் மாதிரியை விளக்குக. வறுமையின் நச்சுச் சுழலைப் படத்துடன் விவரி. சோலோ மாதிரியின் எடுகோள்களைக் கூறுக. ஒரு வினாவுக்குக்கூட எண் தேவைப்படவில்லை. கைடு படித்தவர் தேறிவிடுவார். முதுகலையில் ஒரு கட்டாயத் தரவுப் பயிற்சித் தாள் (பாடம்) வேண்டும் என்ற கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. அது ஏன் இனியும் தள்ளிப்போகக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம்.

2024 மே மாதத் தற்காலிக மதிப்பீட்டின்படி, 2023-24இல் இந்தியாவின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) நிலையான விலையில், அதாவது விலை மாற்றத்தை நீக்கிப் பார்த்தால், 8.2 சதவீதமும் நடப்பு விலையில் 9.6 சதவீதமும் வளர்ந்தது. அப்படியானால் டிஃப்ளேட்டர், அதாவது ஜிடிபி கணக்கில் விலை மாற்றத்தைக் காட்டும் குறியீடு, ஏறியது சுமார் 1.3 சதவீதம்தான். அதே ஆண்டில் நுகர்வோர் விலை உயர்வு 5.4 சதவீதம். கடையில் 5.4 ஏறிய விலை ஜிடிபி கணக்கில் 1.3 ஆனது எப்படி? தங்கப் பதக்கம் வாங்கிய மாணவருக்கும் இதற்கு விடை தெரிவதில்லை. பிழை அவருடையது அல்ல, நாம் சொல்லித்தரவில்லை.

விடை கரும்பலகையில் பத்து நிமிடக் கணக்கு. ஓர் ஆலையின் உற்பத்தி 100 ரூபாய், மூலப்பொருள் 60, மதிப்புக்கூட்டல் 40 என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு அதே அளவு உற்பத்தி, அதே அளவு மூலப்பொருள். விலைகள் மட்டும் மாறுகின்றன: மூலப்பொருள் விலை 10 சதவீதமும் உற்பத்திப் பொருள் விலை 2 சதவீதமும் இறங்குகின்றன. இப்போது 98 கழித்தல் 54, அதாவது 44. இதை உற்பத்தி விலைக் குறியீட்டால் மட்டும் வகுத்தால் 44.9 வரும்: வளர்ச்சி 12 சதவீதம்! உற்பத்தியையும் மூலப்பொருளையும் அவற்றுக்குரிய விலைகளால் தனித்தனியே வகுத்துக் கழித்தால் மறுபடியும் 40 தான், வளர்ச்சி பூஜ்யம். அதாவது, மூலப்பொருள் விலை அதிகம் இறங்கும்போது உற்பத்தி விலையால் மட்டும் வகுக்கும் முதல் முறை டிஃப்ளேட்டரைக் குறைத்தும் வளர்ச்சியைக் கூட்டியும் காட்டுகிறது. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட ஜிடிபி வரிசையில் தொழில்துறைக்குப் பெரும்பாலும் இந்த முறையே பயன்பட்டது. 2023-24இல் மொத்த விலைக் குறியீட்டெண் 0.7 சதவீதம் சரிந்திருந்தது. ஆலைக் கணக்கு நாட்டுக் கணக்கில் எப்படி நுழைகிறது என்பதை மாணவர் இங்கே கண்ணால் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் அதே ஆண்டின் வளர்ச்சி 9.2 சதவீதமாகத் திருத்தப்பட்டபோது, எது மாறியது, ஏன் மாறியது என்றும் அவரால் கேட்க முடியும்.

வளர்ச்சியை மூலதனம், உழைப்பு, உற்பத்தித் திறன் எனப் பிரித்துப் பார்க்க உதவும் சோலோ மாதிரியும் இப்படித்தான். உற்பத்தி வளர்ச்சி 6, மூலதன வளர்ச்சி 8, உழைப்பு வளர்ச்சி 1.5 சதவீதம் என்று கொள்வோம். மூலதனத்தின் பங்கு மூன்றில் ஒன்று என்றால், உற்பத்தித் திறனுக்கு 2.3 மிஞ்சும். பங்கு பாதி என்றால் 1.25 தான். சுயதொழில் செய்வோர் நிறைந்த நாட்டில் அவர்களுடைய கலப்பு வருமானத்தில் எது கூலி, எது மூலதன வருவாய் என்று பிரிப்பதில்தான் இந்த முடிவே தொங்குகிறது. எடுகோள்களை ஒப்பிக்கும் மாணவர் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் இலங்கை 2019 இறுதியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது; 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கடன் ஜிடிபிக்குச் சமமாக இருந்து, உண்மை வட்டி (விலை உயர்வு நீக்கியது) 4 சதவீதம், வளர்ச்சி 2 சதவீதம் என்றால், கடன் விகிதம் ஏறாமலிருக்க மட்டுமே ஜிடிபியில் ஏறக்குறைய 2 சதவீதம் முதன்மை உபரி (வட்டிச் செலவைச் சேர்க்காமல் அரசின் வரவில் மிஞ்சுவது) வேண்டும். இந்தச் சிறு கணக்கு நம் பாடத்திட்டத்தில் இல்லை. மக்கள் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற ஒரு நெருக்கடி கண்ணெதிரே நடந்திருக்கிறது. நம் மாணவர்களோ அதே ஆண்டிலும் நச்சுச் சுழலுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வசதி இல்லை என்ற பதில் பொருந்தாது. புள்ளியியல் அமைச்சகத்தின் தேசியக் கணக்குகள், ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடு, உலக வங்கித் தரவு, பென் உலக அட்டவணை எல்லாம் இலவசம். ஆர், லிப்ரே ஆபிஸ் மென்பொருள்களும் அப்படியே. கல்லூரியில் இருக்கும் பத்துக் கணினிகளில் முறை வைத்துச் செய்யலாம். தமிழ்வழி மாணவருக்குச் செய்முறைக் குறிப்பைத் தமிழிலேயே எழுதித்தர நாங்கள் தயார்.

நான்கு கிரெடிட், கட்டாயம், பாதி மதிப்பெண் செய்முறைக்கு. கேட்பது இந்த ஒரு தாளைத்தான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஏற்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வளர்ச்சிப் பொருளியல் கற்பிப்போர் சிலர்