அப்பாவுக்கு, ஹைடேயிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

கயல் எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் "பரவாயில்லை" என்றே சொல்கிறாள். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

போன வாரம் எந்த மாவட்டம், எல்லை எது என்று கேட்டீர்களே. கிராம நிர்வாக அலுவலராக இருந்தவருக்குப் போனில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை.

வட ஜெர்மனியில் ஹைடே இருக்கும் இந்த மாவட்டத்தின் பெயர் டித்மார்ஷன். மேற்கே வடகடல், வடக்கே ஐடர் ஆறு, தெற்கே எல்ப ஆற்று முகத்துவாரம். கிழக்குப் பக்கம் மணல் மேடு. அதை 'கேஸ்ட்' என்கிறார்கள். கடலோரம் களிமண் தாழ்நிலம்; அது 'மார்ஷ்'. முட்டைக்கோஸ் விளைவது அங்கேதான். கரை கட்டிக் கடலிடமிருந்து மீட்ட நிலத்துக்கு 'கோக்' என்றே தனிப் பெயர் உண்டு.

அந்தக் கரைதான் இந்த ஊரின் கதை. அந்தக் காலத்தில் அவரவர் நிலத்துக்கு ஏற்றபடி கரையில் ஒரு பங்கை அவரவர்தான் பராமரிக்க வேண்டியிருந்தது. முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டுப் போய்விடுவானாம். அதைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சேரும், கரை வேலையும் சேரும். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவர் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கரை போட மாட்டேன் என்பவன் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இங்கே பழமொழியே இருக்கிறது.

இப்படிச் சேர்ந்து உழைத்தவர்கள் யாருக்கும் அடங்கவில்லை. 1447 முதல் 48 பேர் கொண்ட சபை ஹைடேயில் கூடி நாட்டைக் குடியரசாக நடத்தியது. 1500 பிப்ரவரி 17 அன்று டென்மார்க் மன்னர் ஹான்ஸின் பெரும்படை ஹெம்மிங்ஷ்டெட் பக்கம் வந்தபோது, உழவர்கள் மதகைத் திறந்துவிட்டார்கள். சேற்றுப் பாதையில் சிக்கிய படை அழிந்தது. 1559இல்தான் தோற்றார்கள். அப்புறம் வென்றவர்கள் நாட்டைப் பங்கு போட்டார்கள். கடைசியில் வடக்கு, தெற்கு என்று இரண்டாக நின்றது. பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் ஆட்சி வந்த பிறகும் அவை இரண்டு மாவட்டங்கள்தான். 1970இல்தான் மறுபடி ஒன்றாயின. தெற்கின் தலைநகரான மெல்டார்ஃப் அந்த இடத்தை இழந்தது, ஹைடே தலைநகரானது. நம் பக்கம் தஞ்சாவூரிலிருந்து நாகை, நாகையிலிருந்து மயிலாடுதுறை என்று பிரித்துப் பிரித்தே பார்த்த உங்களுக்கு இது புதிதாக இருக்கும்.

நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருக்கின்றன. தனித்தனியாக அலுவலகம் வைக்க முடியாது என்பதால் பல ஊர்கள் சேர்ந்து 'அம்ட்' என்று ஒன்றை வைத்திருக்கின்றன. சிலவற்றின் பெயரில் 'கிர்ஷ்பீல்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேவாலயத்தைச் சுற்றிய ஊர்த்தொகுதி என்று அர்த்தம்; அந்தக் குடியரசே அந்தத் தொகுதிகளால் ஆனதுதான்.

சனிக்கிழமை சந்தைத் திடலுக்குப் போவேன். சுமார் 11.5 ஏக்கர், நடுவில் ஒரு கட்டடம் கிடையாது.

அப்பா, குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று தாத்தா சொல்வாரே, வராத வீட்டை அப்போது என்ன செய்வார்கள்? வார்டில் அந்தப் பெரியவர் கேட்டார். மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கயல்