பூட்டிக் கிடக்கும் தொழிற்கல்விப் பட்டறை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களும் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று பக்கம் பக்கமாக வழிகாட்டுகின்றன. மருத்துவம், பொறியியல், சட்டம், கடல்சார் படிப்பு என்று நீளும் அந்தப் பட்டியலில், அரசு மேல்நிலைப் பள்ளிகளிலேயே இருக்கும் தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி ஒரு வரியை நான் தேடிப் பார்த்துக் கண்டதில்லை. நான் அந்தப் பிரிவில் படித்தவன். காரைக்குடியில், பழுதான மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வீடுகளின் மின் வேலைகளையும் ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். அந்தப் பிரிவு சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருப்பதைக் கண் முன்னே பார்ப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பட்டறையில் வேலை செய்யும் இளைஞரின் தம்பி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேறினான். மின்சாரப் பிரிவில் சேர வேண்டும் என்று அவனே விரும்பிக் கேட்டதால், அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அவனை நானே அழைத்துச் சென்றேன். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை, ஆகவே அந்தப் பிரிவுக்குச் சேர்க்கை இல்லை என்று சொன்னார்கள். சொன்னவர்மேல் குறையில்லை, மிகுந்த வருத்தத்தோடுதான் சொன்னார். திரும்பும் வழியில் பூட்டியிருந்த பட்டறையின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், சுவரில், நான் படித்த காலத்தில் கை நடுங்கத் தொட்டதைப் போன்ற ஒரு பயிற்சிப் பலகை, சுவிட்சுகள் கழற்றப்பட்டு வெறும் துளைகளோடு நின்றது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978ஆம் ஆண்டு வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. நான் 1991 முதல் 1993 வரை அதில் படித்தேன். எங்கள் ஆசிரியர் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதல் சில வாரங்கள் எங்களை மின்சாரத்தின் பக்கமே விடாமல், வெறும் கம்பியைக் கொடுத்து பிரிட்டானியா ஜாயிண்ட், வெஸ்டர்ன் யூனியன் ஜாயிண்ட் என்ற கம்பி இணைப்புகளை முறுக்க வைத்தார்; முறுக்கு ஒரு சுற்று தளர்ந்திருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். சீரிஸ் லாம்ப் என்ற சோதனை விளக்கை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பதும், மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் ஸ்லாட்டில் காகிதம் செருகிக் காயில் என்ற கம்பிச் சுருளை இறக்குவதும், வார்னிஷ் காய்ந்த பிறகு மின்கசிவு உண்டா என்று மெகர் என்ற கருவியை வைத்துப் பார்ப்பதும் அந்த அறையில் கற்றவை. பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். அங்கே முதல் முறையாக மோட்டாரைப் பிரித்தவர்கள் நடுவில், ஏற்கெனவே பத்து மோட்டார் கட்டியவனாக நான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கல்வி தேவை என்று சொல்லாத குழு இந்த நாட்டில் இல்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில் சார்ந்ததாக்க வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் இப்பிரிவுக்குக் கொண்டுவருவதாக இலக்கு வைத்தது. 2020ஆம் ஆண்டின் கொள்கையோ, 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் குறைந்தது பாதிப் பேருக்குத் தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்க வேண்டும் என்று எழுதியது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை 2025இல் வெளியானது. எந்தக் கொள்கை சரி என்ற வழக்கில் நான் தலையிடவில்லை. விழுக்காடு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போக, பூட்டிய பட்டறைக்கு ஒரு மெகர் கூட வந்து சேரவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

செட்டிநாட்டில் வேலைக்கு ஆளில்லை என்று நான் சொன்னால் வெளியூரார் நம்ப மாட்டார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களில் என்ன வேலை என்று கேட்பார்கள். அந்த வீடுகளே வேலை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகி வருகின்றன. விடுதியாகாத வீட்டிலும் ஆண்டுக்கொருமுறை முன்னோருக்கான படைப்புக்கோ திருமணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது விளக்கு எரிய வேண்டும். தேக்கு ரீப்பர் சட்டம் அடித்துக் கிளிப் போட்டு இழுத்த அந்தக் காலத்து வயரிங்கில் இன்றைய ஏசியும் வெந்நீர் கீசரும் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புதிய வயரிங் இழுக்கலாம் என்று கட்டர் இயந்திரத்தைச் சுவரில் வைத்தால் அதைவிடப் பெரிய கேடு வருகிறது. இங்குள்ள சுவர் சிமெண்டுப் பூச்சு அன்று. சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து, கண்ணாடி போல் மின்னும் வரை தேய்த்து எடுத்தது. அதில் ஒரு கோடு வெட்டினால் விரிசல் அந்தக் கோட்டோடு நிற்காது. அப்படி விரிந்த சுவரைச் சிமெண்டு வைத்து மூடினால், சில மழைக்காலங்களில் அந்தத் திட்டு மட்டும் தனியே பெயர்ந்து வரும். எங்கே வெட்டக் கூடாது, குழாயை எந்த உத்தரத்தின் மறைவில் கொண்டு போகலாம், எர்த் குழியை எங்கே தோண்டினால் அடித்தளம் கெடாது என்பவற்றைக் கொத்தனாரும் மின் பணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் தெரிந்த இளைஞர்கள் எனக்குக் கிடைப்பதில்லை. நானும் இதைச் சில வீடுகளைக் கெடுத்த பிறகுதான் கற்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை அறை அறையாக ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கும் அந்தக் கைப்பழக்கத்தை எந்தப் பாடநூலும் தராது. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நெசவைக் கற்கும் ஏற்பாடு எனக்குத் தெரிந்த பள்ளி எதிலும் இல்லை.

பள்ளியில் தொழில் கற்பிப்பது பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கே திருப்பிவிடாதா என்று இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். அது நியாயமான மறுப்பு. 1953இல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டுத் தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. மாநில அரசு, கைவினைத் தொழில் செய்வோருக்கு உதவும் தனது கலைஞர் கைவினைத் திட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 35 என்று வைத்ததன் பின்னாலும் அதே அச்சம் இருக்கிறது: பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகாமல் அப்பாவின் உளியை எடுத்துவிடக் கூடாது என்ற அச்சம்.

ஆனால் பள்ளிப் பட்டறையை மூடுவது அந்த அச்சத்துக்கு மருந்தாகாது என்று நினைக்கிறேன். வேலை செய்தே கற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த நகரத்தார் கடைகளில் சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, கடை முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தார்கள். ஆசாரி வீட்டுப் பையன் தேக்கில் உளி வைக்கக் கற்றதும், ஸ்தபதி வீட்டுப் பையன் கல்லில் கற்றதும் இதே முறையில்தான். இந்தப் பயிற்சிகளில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே நுழையப் பிறப்பு வேண்டியிருந்தது. பள்ளிப் பட்டறை ஒன்றில்தான், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துக் கதவு திறக்கும். என் பட்டறையில் இன்று மிக நேர்த்தியாகக் காயில் இறக்குபவர் ஒரு விவசாயக் கூலியின் மகள். அவர் குடும்பத்தில் யாரும் அதுவரை டெஸ்டரைத் தொட்டதில்லை. பெண்களை அலுவலக மேலாண்மைக்கும் செவிலியத்துக்கும் மட்டும் அனுப்பும் பழக்கத்தையும் பள்ளிகள் விட வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு குறை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கணிதமும் அறிவியலும் கிடைக்காத பிள்ளைக்குக் கடைசியாகத் தள்ளிவிடும் இடமாகத் தொழிற்பிரிவைப் பெற்றோரும் சில ஆசிரியர்களும் ஆக்கிவிட்டார்கள். இதைப் படித்தால் மேலே போக முடியாது என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. உண்மையில், தொழிற்பிரிவில் பிளஸ் டூ தேறியவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், பட்டயம் பெற்ற பின் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். அறிவியல் பிரிவு மாணவருக்கும் பாலிடெக்னிக் வழி உண்டு என்றாலும், கை பழகி வருபவரின் நிலையே வேறு. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பட்டயப் படிப்புக்கும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்புக்கும் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவரின் பெற்றோரை அழைத்து இதை ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னால் போதும்.

காரைக்குடியில் இருந்துகொண்டு வள்ளல் அழகப்பரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான், 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு வந்தது. மின்கலமும் மின்முலாமும் துரு தடுப்பும் அங்கே ஆராயப்படுகின்றன. அதே ஊரின் அரசுப் பள்ளி மாணவர் ஒரு மின்கலத்தைப் பிரித்துப் பார்க்காமலே பிளஸ் டூ முடிக்கிறார். மின்சார இருசக்கர வண்டிகள் ஊருக்குள் பெருகிவிட்ட இந்நாளில், அந்த நிலையத்தின் மதிற்சுவருக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு பாடவேளையாவது நடக்க வழி செய்தால் அழகப்பர் கொடையின் பயன் இன்னும் கொஞ்சம் நீளும்.

எனவே பள்ளிக் கல்வித் துறையிடம் என் வேண்டுகோள் இது. சிவகங்கை மாவட்டத்துப் பள்ளிகளில் ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்களை நிரப்ப வேண்டும். நிரப்பும் வரையிலாவது பிரிவை மூடாமல், தொழிலில் இருப்பவர்களைப் பகுதிநேரப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக, நாற்பது ஆண்டு சுண்ணாம்புப் பூச்சு பழகிய கொத்தனாரை வாசலில் நிறுத்தக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் கருவி மட்டும் வாங்கி வைப்பதிலும் பயனில்லை. அவையும் அந்தப் பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால்தான் போய்ச் சேரும்.

அந்தப் பையன் இப்போது வேறு பள்ளியில் வணிகவியல் படிக்கிறான். சனிக்கிழமைகளில் என் பட்டறைக்கு வருகிறான். எந்த அரசுப் பள்ளியாவது அடுத்த ஜூன் மாதத்தில் மின்சாரப் பிரிவுக்குச் சேர்க்கை நடத்த முன்வந்தால், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் ஊதியமின்றி வந்து செய்முறை வகுப்பு எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கையால் சுற்றும் காயில் இயந்திரம் இரண்டும் பழைய ஸ்டேட்டர்கள் சிலவும் என்னிடம் உள்ளன. அவற்றையும் கொண்டு வருகிறேன். பூட்டைத் திறந்து பெஞ்சுகளை வெளியே எடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை நடத்தும் வாசகர்,
காரைக்குடி.