மறு வயரிங் செய்த வீட்டை யார் சோதிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கும்போது நாளிதழ்களில் மின் பாதுகாப்புக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள், அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகாதீர்கள், மின்கம்பத்தில் ஆடு மாடு கட்டாதீர்கள். எல்லாம் சரியே. ஆனால் அத்தனையும் குடியிருப்பவருக்குச் சொல்லும் புத்தி. சுவருக்குள் வயர் இழுத்த எங்களுக்கும், இழுக்கச் சொன்ன உரிமையாளருக்கும், அதைத் திறந்து பார்க்காமலே இணைப்புத் தருகிறவர்களுக்கும் அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காரைக்குடிப் பக்கம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வயர்மேனாக இருக்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதி புதுக் கட்டடம், மீதி பழைய செட்டிநாட்டு வீடுகளின் மறு வயரிங். அந்த வீடுகளில் கரண்ட் வந்த காலத்துக் கட்டை வயரிங் இன்னும் இருக்கிறது. தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து, துணி சுற்றிய ரப்பர் வயர். தொட்டால் ரப்பர் பொடியாக உதிரும். மெயின் போர்டில் பேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒரு பீங்கான் பியூஸ், நியூட்ரலுக்கு (திரும்பிப் போகும் வயர்) ஒரு பீங்கான் பியூஸ். நியூட்ரலில் தனியாக பியூஸ் வைக்கக் கூடாது என்பது பாலபாடம். அந்த பியூஸ் மட்டும் எரிந்தால் விளக்கு அணைந்துவிடும். வீட்டுக்காரர் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை வைப்பார். ஆனால் பேஸில் கரண்ட், பல்பு ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கும்.

இந்த வீடுகளை இப்போது தங்கும் விடுதியாகவும், கல்யாணத்துக்கும், படப்பிடிப்புக்கும் விடுகிறார்கள். அறைக்கு ஓர் ஏ.சி., குளியலறைக்கு ஒரு ஹீட்டர். முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவரை வெட்டாதே, முட்டை வெள்ளைப் பூச்சு போய்விடும் என்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அப்படிப்பட்ட சுவரில் காடி வெட்ட எனக்கே மனம் வராது. தேக்குச் சட்டத்தின் மேலேயே புது வயரை ஒழுங்காகக் கொண்டுபோக வழி இருக்கிறது. என் சண்டை வேறு இடத்தில். வயரை மாற்றுகிறார்கள், பளபளப்பான சுவிட்சுகள் போடுகிறார்கள், மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் வைக்கிறார்கள். மூன்றாவது ஓட்டைக்கு எர்த் வயரே (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயர்) இல்லை! கேட்டால், "பழைய வீட்டில் எர்த் ஏது?" என்று பதில் வரும். இன்னும் சில கெட்டிக்காரர்கள் பிளக்கிற்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், பிரிட்ஜின் கதவில் 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த் இல்லாததைவிட இது மோசம்.

மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்து 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, இருக்கும் வயரிங்கில் சேர்ப்பது, மாற்றுவது எல்லாமே உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் நடக்க வேண்டும். புது இணைப்பு கேட்டால், இணைப்புத் தருகிறவர் சோதிக்க வேண்டும், அல்லது ஒப்பந்தக்காரர் தரும் சோதனை முடிவை ஏற்றுக்கொள்ளலாம். இந்த "ஏற்றுக்கொள்ளலாம்" தான் வழக்கமாகிவிட்டது. எந்த மின்வாரியப் பிரிவு அலுவலகத்தையும் நான் குறை சொல்லவில்லை, அங்கே ஆள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதுக் கட்டடத்துக்கு ஒரு தாளாவது போகிறது. மறு வயரிங்குக்கு அதுவும் கிடையாது. மீட்டர் அப்படியே இருக்கிறது, கூடுதல் மின்பளு கேட்டு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றால், அந்த வீட்டில் வயர் மாறியது வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது ஆர்.சி.டி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி. ஊரில் டிரிப்பர் என்றோ, பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றோ சொல்வார்கள். வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற (தானே அணைகிற) ஆர்.சி.டி. வேண்டும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் கட்டாயமாக்கியிருக்கிறது. "அதுதான் எம்.சி.பி. போட்டாயிற்றே" என்பார்கள். எம்.சி.பி. என்பது பளு கூடினால் விழும் சுவிட்ச்; அது வயரைக் காப்பது, ஆளைக் காப்பதற்கு அல்ல. ஒரு மனிதனைக் கொல்ல 50 மில்லி ஆம்பியர் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை, அசையாது. பேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் விழுவது ஆர்.சி.டி. மட்டுமே. எர்த் இல்லாத வீட்டிலும் அது விழும். ஆனால் ஆள் தொட்டு, உடம்பில் கரண்ட் ஏறிய பிறகுதான் விழும். எர்த் இருந்தால் பழுது வந்த நொடியிலேயே விழுந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும்.

இதைப் போட்ட வீடுகளிலும் பாதியில் கழற்றிவிடுகிறார்கள். காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, மின்விசிறிகளுக்குத் தனி நியூட்ரல் இழுக்க வேண்டும். வயர் மிச்சம் என்று எல்லா நியூட்ரலையும் ஒரே முடிச்சில் போட்டால், ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பும்; கசிவு என்று நினைத்து ஆர்.சி.டி. விழும். ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டில் எழுந்து தூக்கிவிட்ட வீட்டுக்காரர் மறுநாள் கேட்பது, "இந்தச் சனியனை எடுத்துவிட முடியுமா?" என்பதுதான். எடுத்துக் கொடுக்க ஆள் தயாராக இருக்கிறது. நேரடியாகச் சேர்த்துவிட்டுப் பெட்டியை மட்டும் அழகுக்கு விட்டுப்போவார்கள். உங்கள் வீட்டில் இருப்பது உயிருடன் இருக்கிறதா என்று பார்க்க அதிலுள்ள 'டி' (T) என்ற சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்தாலும், இன்வெர்ட்டரில் ஓடுபவை தவிர வீட்டில் மற்ற எல்லாம் அணைகிறதா என்று பாருங்கள்.

மற்றவை எல்லாம் வயர்மேன்களுக்குத் தெரிந்தவையே. சுவிட்ச் பேஸில்தான் வர வேண்டும். பச்சை வயர் எர்த்துக்கு மட்டும், கருப்பு நியூட்ரலுக்கு மட்டும். ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயின்டுக்கு மேல் வேண்டாம். 16 ஆம்பியர் பிளக்கிற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஏ.சி.க்கு 4. லைட்டுக்குப் போன 1 சதுர மில்லிமீட்டர் வயரிலிருந்து சமையலறைக்குக் கிளை எடுத்து 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டினால் அந்த வயர் சூடேறும். எர்த் குழிக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும். எங்கள் செம்புறாங்கல் பூமியில் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்தக் குழியும் பெயருக்குத்தான். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? பாயின்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். எர்த் வயர் எந்தப் பாயின்டிலும் சேராது. மரச்சாமானுக்கும் தொங்கும் விளக்குக்கும் லட்சம் கொடுக்கிறவர், ஆர்.சி.டி.க்கு இரண்டாயிரம் ரூபாய் என்றால் பேரம் பேசுகிறார்.

நான் கேட்பது இதுதான். மறு வயரிங் முடிந்தால் ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை பிரிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். 500 வோல்ட் மெக்கர் (வயரின் உறை கசிகிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த இன்சுலேஷன் அளவு (ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது), எர்த் குழியின் மின்தடை அளவு, ஆர்.சி.டி. விழுந்ததா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பெயர் மாற்றம், மின்பளு உயர்வு, வீட்டிலிருந்து வணிகத்துக்குக் கட்டண மாற்றம் ஆகிய எதற்கு விண்ணப்பம் வந்தாலும் இந்த அறிக்கையைக் கேட்கலாம். பழைய வீடு விடுதியாகும்போது இந்த மூன்றில் ஒன்று நடந்தே தீரும், அப்போது பிடித்துவிடலாம். பத்தில் ஒன்றையாவது ஓர் அலுவலர் நேரில் போய்ப் பார்த்தால், மற்ற ஒன்பதிலும் பொய் எழுதக் கை கூசும். புதுக் கட்டடமானால் பூச்சு வேலைக்கு முன், குழாய் கண்ணுக்குத் தெரியும்போதே பார்க்க வேண்டும். பூசிய பிறகு பார்ப்பதற்குப் பெயின்ட் நிறம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மின் கம்பியாள்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.