ஜில் காற்றாலையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. பேரன் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்திருக்கும் செய்தியில் எனக்கும் பெருமைதான். இக்கடிதத்தை அவனிடமும் காட்டு, ஏனெனில் இது ஓர் இயந்திரத்தையும் அதைக் காப்பாற்றியவர்களையும் பற்றியது.

இங்கிலாந்தின் பிரைட்டனில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு நான் அடிக்கடி போய்வரும் இடம், கிளேட்டன் கிராமத்துக்கு மேலே சவுத் டவுன்ஸ் குன்றில் நிற்கும் ஜாக், ஜில் என்னும், தானியம் அரைக்கக் கட்டிய இரட்டைக் காற்றாலைகள். ஜாக் செங்கல் கோபுரம். ஜில் வெள்ளை நிற மர ஆலை. ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டப்பட்டது. 1852இல் குதிரைகளும் எருதுகளும் பூட்டி, முழு ஆலையையும் இந்தக் குன்றுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். 1906இல் அரைப்பதை நிறுத்திய பின் பல ஆண்டுகள் சிதைந்து கிடந்ததை, 1978 முதல் தன்னார்வலர்கள் கூடிச் செப்பனிட்டு, 1986இல் மீண்டும் கோதுமை அரைக்க வைத்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் தென் இங்கிலாந்தைப் புரட்டிப் போட்ட பெரும்புயலின்போது, பிரேக் போட்டிருந்தும் இறக்கைகள் சுழன்று, உராய்வில் ஆலை தீப்பிடித்தது. அந்த இரவிலும் அந்தத் தன்னார்வலர் சங்கத்தார் சிலர் அங்கே இருந்ததால்தான் ஜில் இன்று நிற்கிறாள்.

அதன் பொறியியல் நுட்பத்தை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. இறக்கைகள், திரிகைக் கற்கள், மாவுத் தொட்டிகள் என அனைத்தையும் சுமந்த ஆலையின் உடல் முழுவதும் ஒரே ஒரு நடுத்தூணின்மேல் அமர்ந்து, காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது. பழைய நாள்களில் ஆலைக்காரர், ஆலையின் பின்புறம் நீண்டிருக்கும் வால்கட்டையைத் தோளால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். 1745இல் எட்மண்ட் லீ காப்புரிமை பெற்ற வால்விசிறி அந்த வேலையைக் காற்றிடமே ஒப்படைத்தது: காற்றின் திசை மாறிப் பக்கவாட்டில் வீசினால் விசிறி சுழலும், அது சக்கரங்களை உருட்டி, ஆலையை நேர்முகமாகக் கொண்டுவந்தவுடன் தானே நின்றுவிடும். இறக்கைகளில் ஜன்னல் பலகைகளைப் போன்ற சிறு மடிப்புகள் உண்டு; 1807இல் வில்லியம் கியூபிட் வகுத்த முறைப்படி, ஆலை ஓடும்போதே அவற்றைத் திறக்கவும் மூடவும் முடியும். கல்லுக்குத் தானியத்தை உதிர்க்கும் சரிவுப் பெட்டியைத் தட்டிக்கொண்டே ஓர் அச்சு சுழல்வதால், கல் வேகமாகச் சுழன்றால் தானியமும் வேகமாக விழும், மெதுவானால் குறையும். மின்சாரமும் கணினியும் இல்லாத காலத்துத் தானியங்கிமுறை இது என்று பேரனிடம் சொல்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இங்கிலாந்து ஆலைகளில் இரும்புச் சக்கரத்தோடு சேரும் எதிர்ச் சக்கரத்துக்கு ஆப்பிள் அல்லது ஹார்ன்பீம் மரத்தில் பல் வைப்பது வழக்கம். மரமும் இரும்பும் உரசினால் பொறி பறக்காது, சத்தமும் குறைவு. திடீரென்று பாரம் ஏறினால் உடைவது ஒரு மரப் பல்தான். அதைத் தட்டி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். பழுதாகும் என்று தெரிந்தே, பழுது பார்ப்பதற்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள். ஆகையால் இந்தக் காற்றாலையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளாகக் காப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஓடினால்தான் தேயும், தேய்ந்தால்தான் பல் செதுக்கும் கை பழகும்.

கல் கொத்துவதும் அப்படியே. நம் தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்தக் கைத்தொழில்தான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. கல்லைப் புரட்டிப்போட்டு, மங்கிய வரிப்பள்ளங்களை உளியால் ஒவ்வொன்றாகக் கூர்மையாக்க வேண்டும். பள்ளம் சரியாக இல்லாவிட்டால் மாவு சூடேறிக் கெட்டுவிடும். அரைக்கும்போது ஆலைக்காரர் குழாயில் விழும் மாவைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, மேல்கல்லை மயிரிழை உயர்த்துகிறார், தாழ்த்துகிறார். கூலி எதுவும் வாங்காமல் விடுமுறை நாளைக் கொடுத்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் மனிதர்கள்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

கோடையில் ஞாயிறு பிற்பகல்களில் ஆலையைத் திறந்து வைப்பார்கள். நீ வந்தால் இருவருமாக மேல்தளம் வரை ஏறிப் பார்க்கலாம். அதற்குள் அங்கே அரைத்த கோதுமை மாவு ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன், மகன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். சலிக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல். தவிட்டோடே சப்பாத்தி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்