லிண்டல் போடுவதற்கு முன்

கும்பகோணம்
வியாழன் இரவு

என் அருமை ரூம்மேட்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்று உன் வாட்ஸ்அப் படங்களே சொல்கின்றன. போன் செய்தால் "சைட்ல நிக்கிறேன்டீ" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். சைட்டில் நின்றுகொண்டாவது முழுவதும் படித்துவிடு.

நீ அனுப்பிய பிளானைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹால் அழகு. சமையலறைக்குக் கிழக்கு ஜன்னல் வைத்தாயே, அதற்கே உனக்கு ஒரு புடவை எடுத்துத் தரலாம். ஆனால் கதவுப் பட்டியலில் மூன்று பாத்ரூமுக்கும் 2½ அடி என்று போட்டிருக்கிறது. அடுத்த வாரம் லிண்டல், அதாவது வாசல் தலைக்கு மேலே வருகிற உத்தரத்துக்கு, கான்கிரீட் என்கிறாய். அதற்கு முன் இதைக் கேள்.

அத்தை விழுந்ததையும் ஆபரேஷன் நடந்ததையும் சொன்னேன். வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நடந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. வீல்சேர் பாத்ரூம் வாசலோடு நின்றுவிட்டது. மாமா கட்டிய வீடு, அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்த அதே 2½ அடி. என் வீட்டுக்காரரும் பையனும் அத்தையை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அத்தை தன் வீட்டில் யாரையும் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கேட்காதவர்கள், உனக்குத் தெரியும். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தால் மறுபடி தூக்க வேண்டியிருக்கும் என்று அதையும் குறைத்துக்கொண்டார்கள்.

கணக்கைப் பார். 2½ அடி என்றால் 30 அங்குலம், அது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் நிலைக்கால் 2½ அங்குலம் போனால் 25. கதவைத் திறந்து வைத்தாலும் அதன் கனம் ஒரு அங்குலம் வாசலுக்குள் நிற்கும். மிச்சம் 24. சாதாரண வீல்சேரின் மொத்த அகலமே 24 முதல் 26 அங்குலம் வரும்; சக்கரத்தைத் தள்ளும் கைக்கு இடம் தனி. 3 அடி நிலை வைத்தால் ஏறக்குறைய 30 அங்குலம் தாராளமாகக் கிடைக்கும். அரை அடிதான் வித்தியாசம். இப்போது மாற்றினால் உனக்குக் கொஞ்சம் மரச் செலவு. நாங்கள் சுவரை உடைத்தோம். லிண்டல் இரு பக்கமும் அரை அடியாவது சுவரில் ஏறி உட்கார வேண்டுமாம். வாசலை அகலப்படுத்தினால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஆகவே லிண்டலையும் புதிதாகப் போட்டு, டைல்ஸையும் மாற்றி, வீடெல்லாம் புழுதி.

அப்புறம், பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர்கள் உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கு. உன் அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டதே.

பாத்ரூமுக்கு இவ்வளவு பெரிய கதவா, பார்க்க நன்றாக இருக்காதே என்று உன் இன்ஜினியர் சொல்வார். எங்கள் இன்ஜினியரும் சொன்னார். உண்மை நேர்மாறு. ஒரே ஹாலில் 3 அடிக் கதவும் 2½ அடிக் கதவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் கண் உறுத்தும். 3 அடி நிலையில் வாசல், அகலம் ஒன்றுக்கு உயரம் இரண்டரை, கொஞ்சம் கூட, என்று உட்காரும். 2½ அடியில் அது ஒன்றுக்கு மூன்றைத் தாண்டிவிடும், ஒடுங்கித் தெரியும். எல்லா அறைக்கும் ஒரே அளவு என்றால் ஹாலே அமைதியாக இருக்கிறது, நான் தினமும் பார்க்கிறேன். ஸ்டோர் ரூமுக்குச் சின்னதாக வைத்தே ஆகவேண்டும் என்றால் உயரத்தை மாற்றாதே. கதவின் சட்டங்களையும் மற்றக் கதவுகளின் அகலத்திலேயே வைத்து, நடுப் பலகையை மட்டும் ஒடுக்கச் சொல்.

உன் இன்டீரியர் பெண் சொல்கிற 8 அடிக் கதவு எனக்குப் பிடிக்கவில்லை. கதவு தனியாக அழகுதான். ஆனால் உன் ஜன்னல் தலைகள் 7 அடியில் நிற்கின்றன. கதவுத் தலை மட்டும் ஓர் அடி மேலே போனால் சுவரில் கோடு ஏறி இறங்கும். பாத்ரூமுக்கு மேலே பரணும் கேட்கிறாய், அதற்கும் இடம் போய்விடும். 7 அடியிலேயே நில். ஒன்றே ஒன்று, அந்த 7 அடியை டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். கொத்தனார் இப்போது நிற்கிற தரையிலிருந்து அளந்தால் கலவையும் டைல்ஸுமாக 2 அங்குலமாவது போய்விடும். போன மாதம் நம் ஒட்டகம் வந்திருந்தாள். பழக்கதோஷம், எல்லா வாசலிலும் குனிந்தே போனாள். "நிமிர்ந்து போடீ, நிமிர்ந்து போடீ" என்று கத்திச் சிரித்ததில் அத்தையும் சிரித்துவிட்டார்கள்.

தேக்கில் பேனல் கதவு செய்கிறாய் என்றால் ஆசாரியிடம் இரண்டு விஷயம் சொல். மேல் சட்டம் 4½ அங்குலம் என்றால் கீழ்ச் சட்டம் 8 அங்குலம் இருக்கட்டும். எல்லாம் ஒரே அகலம் என்றால் கதவு அடியில் மெலிந்து தெரியும். பூட்டு வருகிற நடுச் சட்டம் 3 அடி உயரத்தில் வரட்டும். கீழ்ப் பலகை குட்டையாகவும் மேல் பலகை நெடிதாகவும் தானே அமைந்துவிடும். பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசை போட்டு இறுக்க வேண்டாம். ஐப்பசி மழையில் மரம் ஊதும், அது நகர இடம் வேண்டும்.

சரி, அலமாரிக்கு வருவோம். (மூன்றாம் நம்பர் அலமாரி பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சில்லை. நீயும் பதிலில் எழுதாதே, என் பையன் படிக்கிறான்.)

எங்கள் சமையலறைக்கு வந்த மாடுலர்காரர்கள் 10 அடிச் சுவருக்கு 2 அடியில் ஐந்து ஷட்டர் வரைந்து கொடுத்தார்கள். கீல் குறைவு, வேலை குறைவு, அவர்களுக்கு லாபம். நடக்கிற இடமே 3½ அடி. 2 அடிக் கதவைத் திறந்தால் நான் எங்கே நிற்பது? அதற்கு எவ்வளவு வாதாடினேன் தெரியுமா! கடைசியில் 15 அங்குலத்தில் எட்டு ஷட்டர் என்று மாற்றவைத்தேன். மேடை உயரம் 34 அங்குலம், கால் இடிக்காமலிருக்க அடியில் 4 அங்குலம், மேலே கிரானைட், இதெல்லாம் போகக் கீழ் ஷட்டருக்கு 28 அங்குலம் கிடைத்தது. மேல் ஷட்டர் 30, அகலத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு. மேல் கோடும் கீழ்க் கோடும் ஒரே நேராக இறங்குகின்றன. பார்க்க அவ்வளவு நிம்மதி. இழுப்பறைகளை 30 அங்குல அகலத்தில், அதாவது இரண்டு ஷட்டருக்கு ஒன்றாக வைத்ததால் அந்தக் கோடு எங்கேயும் உடையவில்லை. உயரம் மேலிருந்து கீழே 5, 9, 14. கரண்டி, டப்பா, குக்கர்.

ஷட்டரைச் சுற்றி 2 அங்குலச் சட்டம் வைக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் 5 அங்குல இழுப்பறைக்கும் அதையே வைத்தால் நடுவில் ஒரு அங்குலம்தான் மிஞ்சும். அதை மட்டும் வெறும் பலகையாக விட்டுவிடு. ஷட்டருக்கும் ஷட்டருக்கும் நடுவே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடைவெளி போதும்.

துணி அலமாரிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஒன்றரை அடி அகலம், 7 அடி உயரம், மேலே பரணுக்குத் தனி ஷட்டர். தரையிலிருந்து கூரை வரை ஒரே ஷட்டர் என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. பிளைவுட் ஷீட்டே 8 அடிதான், அந்த உயரத்தில் வளையும்.

பூஜையறைக்குக் காரைக்குடியில் பழைய இரட்டைக் கதவு வாங்கப் போவதாகச் சொன்னாய். எனக்கும் ஆசைதான். பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் நின்றால் எதை விடுவது என்றே தெரியாது. இரட்டைக் கதவில் ஒவ்வொன்றும் ஒடுங்கி உயர்ந்து நிற்கிற அழகு ஒற்றைக் கதவுக்கு வராது. ஆனால் பழைய நிலைகள் கனமானவை. உன் உள்சுவர் 4½ அங்குலம்தான், இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ஒரு சுவரை மட்டும் 9 அங்குலமாகக் கட்டலாமா என்று இன்ஜினியரிடம் கேள். கதவை வாங்கி, அதன் அளவுக்கு வாசல் விடுவதுதான் முறை. வாசல் விட்டுவிட்டுக் கதவு தேடினால் நல்ல கதவை அறுக்க வேண்டி வரும்.

ஆகவே, பூஜையறை லிண்டலை மட்டும் நிறுத்தி வை. மற்ற வாசல்களை நாளைக்கே செங்கல் சுவரில் சாக்பீஸால் அந்தந்த அளவில் வரைந்து, ஹால் நடுவில் நின்று பார். அண்ணனையும் பார்க்கச் சொல். திருத்திய பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் சரிபார்க்கிறேன். காரைக்குடிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருவேன். அத்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருகிறாள்.

அன்புடன்,
உன் ரூம்மேட்