கசடு வாயு: கசிவையும் கணக்கில் எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கழிவுநீர்க் கசடை மூடிய தொட்டியில் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்க வைத்து எரிவாயு எடுப்பதும், அதில் மின்சாரம் தயாரிப்பதும் நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு மின்சாரம் வந்தது என்று சொல்கிறவர்கள் அதற்காக எவ்வளவு ஆற்றல் உள்ளே போனது என்றும் சொல்ல வேண்டும். கெட்டிப்படுத்திய கசடில்கூட நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர்தான். அவ்வளவு தண்ணீரையும் 35 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மூன்று வாரம் போல அதே சூட்டில் வைத்து, அடிக்கடி கலக்கியும் விட்டால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். மின்சாரம் எடுக்கும் எஞ்சினின் வெப்பத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் சரி. அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு, தொட்டியைச் சூடாக்கத் தனியாக எரிபொருள் வாங்கினால் மிச்சம் என்ன?

அப்புறம் கசிவு. இதுதான் என்னை உறுத்துகிறது. இந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். செரித்து முடிந்து வெளியே வந்த கசடும் உடனே அடங்கிவிடாது, திறந்த தொட்டியில் விட்டால் மேலே குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும், அந்தக் குமிழிலும் மீத்தேன்தான். அந்தத் தொட்டிக்கும் மூடி போட்டு வாயுவைப் பிடிக்கலாம், குழாய் இணைப்புகளைக் கருவி வைத்து அவ்வப்போது சோதிக்கலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

மிஞ்சும் கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. வயலுக்குக் கொடுக்கலாம், ஆனால் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்