பரண்மேல் இருக்கும் மூட்டை

டிரோம்சோ, நார்வே
டிசம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, தங்கை, சித்தப்பா வீட்டார் யாவரும் நலந்தானே? உங்கள் கடிதம் ஐப்பசியிலேயே கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் எழுதாததற்கு வேலைமேல் பழியைப் போடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. “பறவை முட்டையை உடைத்துப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனான் என்று மேலத்தெருப் பெரியப்பா கேட்கிறார்” என்று எழுதியிருந்தீர்கள். கேட்டது பெரியப்பாதானா என்பதில் எனக்குச் சிறு சந்தேகம் உண்டு.

முட்டை உடைப்பதுதான் என் வேலை. இந்த ஊருக்கும் வடக்கே துருவப் பக்கமுள்ள சுவால்பார்டின் பெருந்தீவுகளுக்கும் நடுவே, கரடித் தீவு என்று பொருள்படும் பியோர்ணோயாவில், துருவக் கடற்காக்கைகள் கூடு கட்டுகின்றன. வானிலை நிலையத்தில் இருக்கும் ஒருசிலரைத் தவிர அத்தீவில் குடியிருப்பு இல்லை. வயலும் இல்லை, ஆலையும் இல்லை. அங்கிருந்து வரும் முட்டை நம் வீட்டுக் கோழி முட்டையைப் போல் இரு மடங்கு பெரிது. பாசி படிந்த கல்லைப் போன்ற நிறத்தில் கரும்புள்ளிகள் தெறித்திருக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்து, எடை போட்டு, மஞ்சளையும் வெள்ளையையும் கூழாக அடித்து, கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதனுள் ஒளிந்திருப்பவற்றைக் கருவியில் அளப்போம். மின்மாற்றி எண்ணெயில் கலந்த பி.சி.பி., டி.டி.டி. சிதைந்து உருமாறிய எச்சம், இவற்றோடு நம் வயலில் தூவி நீங்கள் நன்கறிந்த பூச்சிமருந்தான பி.எச்.சி.யும் அதில் உண்டு.

அது எப்படி இங்கு வந்தது என்றுதானே கேட்பீர்கள்? வெப்ப நாடுகளில் தூவியது வெயிலில் ஆவியாகிக் காற்றோடு கிளம்பி, குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி சூடேறினால் மறுபடி எழும்பி, இப்படித் தங்கித் தங்கி வடக்கே வந்து, இனி எழும்ப வலுவில்லாத இந்தக் குளிரில் படிந்துவிடுகிறது. கடலில் பாசியை நுண்ணிறால்கள் தின்ன, அவற்றைத் துருவக் காட் மீன் தின்ன, மீனைக் கடற்பறவைகள் தின்ன, அப்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் இந்தக் கடற்காக்கை தின்கிறது. கொழுப்பில் சேர்ந்தது சிதையாமல் படிக்குப் படி பெருகி உச்சியில் வந்து நிற்கிறது. அடைகாக்கும் நாட்களில் இரை குறைந்து கொழுப்பு கரையும்போது, சேர்த்துவைத்த நஞ்செல்லாம் இரத்தத்தில் இறங்கி மூளைவரை செல்கிறது. நஞ்சு மிகுந்த பறவைகள் கூட்டை விட்டு நெடுநேரம் விலகியிருப்பதையும், அத்தீவில் செத்துக் கிடந்தவற்றின் உடலில் பி.சி.பி. மிக அதிகமாக இருந்ததையும் ஆய்வாளர்கள் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? மே மாதம் வந்தால் கடற்காக்கை முட்டையை வேகவைத்துப் பியரோடு சாப்பிடுவது இவ்வூர் வழக்கம். குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் அதைத் தின்ன வேண்டாம் என்று உணவுத் துறை அறிவுறுத்தியிருப்பதை நான் சொன்னதற்கு, “நான் குழந்தையா, பிள்ளை பெறப்போகிறேனா?” என்று கேட்டுவிட்டு, என் கண்ணெதிரே இரண்டாவது முட்டைக்கு உப்புத் தூவிக்கொண்டார். எனக்கும் ஒன்று நீட்டினார். நான் சோறும் பருப்புப்பொடியும் போதும் என்றேன். (அம்மா கொடுத்தனுப்பிய பொடி அடி தெரிகிறது, அவசரம் ஒன்றும் இல்லை.)

இங்கு இப்போது சூரியன் இல்லை. நவம்பர் கடைசியில் மறைந்தால் ஜனவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும். எதிர்வீடுகளின் சன்னல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகள் எரிகின்றன. நேற்று நானும் ஒரு மெழுகுவர்த்தியைச் சன்னலில் ஏற்றி வைத்தபோது, நம் திண்ணை மாடத்து அகலும், அம்மா கையில் ஒட்டிய பொரி உருண்டைப் பாகும் நினைவுக்கு வந்து, வெகுநேரம் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். சம்பா இப்போது பால் பிடிக்கும் பருவம். கதிர்நாவாய்ப் பூச்சிக்கு விடியற்காலைப் பனியில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நீங்கள் பி.எச்.சி. பொடி தூவியதும், வரப்பில் நின்ற எனக்கு அந்தப் பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறியதும் மறக்கவில்லை. அன்று அரசே பரிந்துரைத்த மருந்து அது. உங்கள்மேல் குற்றம் இல்லை. 1997இல் நம் நாட்டில் அதைத் தடை செய்தார்கள். சீனாவும் இந்தியாவும் கைவிட்ட பிறகு துருவக் காற்றில் அதன் அளவு நன்றாகவே இறங்கியிருக்கிறது. பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

இனி வீட்டு விஷயம். பாகப் பிரிவினையில் மாட்டுக்கொட்டகை சித்தப்பா பங்குக்குப் போகிறது, தை பிறந்ததும் பிரிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதன் பரண்மேல் தடைக்கு முன் வாங்கிய பொடி அரை மூட்டை இருக்கிறது. தங்கை பிரசவத்துக்கு வரும் நேரம் இது. தாய்ப்பறவை தன் உடலில் சேர்ந்ததில் ஒரு பங்கை முட்டைக்குள் வைத்துவிடுவதை நான் அன்றாடம் அளந்துகொண்டிருக்கிறேன். ஆகவே கொட்டகையைப் பிரிக்கும் நாளில் அவள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மூட்டையைப் பிரிக்காமல், தடித்த பாலிதீனில் சுற்றி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் தகவல் சொல்லுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எரித்தால் புகையில் அதைவிடக் கெட்டது கிளம்பும். சித்தப்பா “இதற்கெல்லாமா” என்பார். நான் எழுதியதாகச் சொல்லுங்கள்.

தென்னை நான்கும் நம் பக்கம் வருமாறு பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லவும். இம்மாதம் அனுப்பிய பணம் சற்றுக் குறைவு. குளிருக்கு ஒரு கோட்டு வாங்கினேன், வேறொன்றும் இல்லை. என் ஒப்பந்தத்தை மார்ச்சில் நீட்டிப்பார்கள் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். வளைகாப்புச் செலவுக்குப் பொங்கலுக்குள் அனுப்பிவிடுகிறேன். அதற்காக அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டாம்.

மூட்டையை எடுத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்